ஐந்து ஸ்ட்ரிங் ஓப்பன் ஜி: கரகரப்பு, ட்யூன் நிற்காமை, படிக்க வேண்டிய ராக் சுயசரிதைகள்

அரைச்சுருதி:

ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' (2010) புத்தகத்தில் ஓப்பன் ஜி (ஃப்ரெட் எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு வரும் ட்யூனிங்) பற்றி வரும் பக்கங்களைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஆறாவது ஸ்ட்ரிங்கைக் கழற்றிவிட்டு, மிச்ச ஐந்தையும் தடித்த பக்கத்திலிருந்து ஜி-டி-ஜி-பி-டி என்று வைத்திருக்கிறேன். ஸ்ட்ராட் வகை கிட்டார், மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் (உடலில் ஒட்டாமல் ஸ்பிரிங் பிடியில் நிற்கும், பாரால் அசைக்கும் வகை), 10-46 செட் (மெல்லிய ஸ்ட்ரிங் 0.010 அங்குலம், தடித்தது 0.046).

ஐந்தாவது ஸ்ட்ரிங் தொளதொளவென்று இருக்கிறது, முதல் நான்கு ஃப்ரெட்டில் கரகரக்கிறது. ஒன்றை ட்யூன் செய்தால் மற்றவை ஷார்ப் ஆகின்றன, அதாவது சுருதி ஏறிவிடுகிறது. ஒருவழியாக எல்லாவற்றுக்கும் ட்யூனர் பச்சை காட்டினாலும், சும்மா மீட்டும்போது கார்டு ஏதோ கசக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். கிட்டார் வாசிப்பவருக்கு உருப்படியாக ஏதாவது தரும் ராக் சுயசரிதைகள் வேறு என்ன இருக்கின்றன? போதை, வழக்கு, விவாகரத்து எல்லாம் போதும் போதும் என்றாகிவிட்டது.

முறுக்காணி:

நண்பரே, கரகரப்பும் ஷார்ப் ஆவதும் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு பக்கம் ஸ்ட்ரிங்குகள் இழுக்கின்றன, பின்பக்கம் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. 10-46 செட்டின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 46 கிலோ. நீங்கள் கழற்றிய ஆறாவது ஸ்ட்ரிங் மட்டும் அதில் 8 கிலோ. ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதலாவதை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்கினீர்கள். ஒரு முழு ஸ்டெப் இறக்கினால் இழுவிசை 20 சதவீதம் போகும், அதில் இன்னொரு 3 கிலோ. ஆக, கால்வாசி இழுவிசை காணாமல் போயிருக்கிறது. ஸ்பிரிங் ஜெயித்து, பிரிட்ஜ் பின்னால் சாய்கிறது. சாய்ந்தால் எல்லா ஸ்ட்ரிங்கும் இறுகும், கூடவே சேடில்கள் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் துண்டுகள்) தாழ்ந்து ஆக்ஷனும் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் உயரம்) குறையும்.

பின்பக்க மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கிளாவும் அதன் இரண்டு ஸ்க்ரூவும் தெரியும். இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தி, ட்யூன் செய்து, பிரிட்ஜைப் பக்கவாட்டில் பாருங்கள். பின் விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஸ்பிரிங் நான்கோ ஐந்தோ இருந்தால் ஒன்றைக் கழற்றுவது சுலபம். பாரைத் தொடவே மாட்டீர்கள் என்றால், எதிர்த்திசையில் ஸ்க்ரூவை முறுக்கி பிரிட்ஜை உடலோடு ஒட்டி உட்கார வைத்துவிட்டு, சேடில்களை உயர்த்திக்கொள்ளுங்கள். இந்த ட்யூனிங்குக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

அடுத்தது ஸ்ட்ரிங். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது ஸ்ட்ரிங்குகள் பழைய சுருதியிலேயே இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம். இறக்கிய இரண்டை மட்டும் மாற்றினால் போதும். போன 20 சதவீதத்தைத் திரும்பப் பெற விட்டம் 12 சதவீதம் கூட வேண்டும்: 10-க்குப் பதில் 11, 36-க்குப் பதில் 40. தனி ஸ்ட்ரிங்காக 40 கிடைக்காவிட்டால் 42 போடலாம், ஆனால் நட்டை (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பள்ளமுள்ள பட்டை) கவனியுங்கள். 36-க்கு வெட்டிய பள்ளத்தில் 42 இறுகிக்கொள்ளும். ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் நட்டில் சிக்குகிறது என்று அர்த்தம். பென்சில் தூள் தடவிப் பார்த்துவிட்டு, அப்போதும் தாவினால் நட் ஃபைலால் பக்கவாட்டில் மட்டும் லேசாக அகலப்படுத்த வேண்டும்; ஆழம் கூடினால் திறந்த ஸ்ட்ரிங்கே கரகரக்கும். தடித்த ஸ்ட்ரிங் போட்டபின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தியும் ஹார்மானிக்காகவும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுருதி ஷார்ப்பாக இருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கடைசியில்தான் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் கம்பி). இழுவிசை குறைந்ததால் நெக் நிமிர்ந்திருக்கும். கீழ் ஃப்ரெட்டுகளில் மட்டும் கரகரப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, நெக் உடலோடு சேரும் இடத்தில் ஐந்தாவது ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டின் மேல் இருக்கும் சந்தைப் பாருங்கள். 0.25 மில்லிமீட்டர் வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லையா? கழற்றிய பழைய 10 ஸ்ட்ரிங்கின் தடிமனே 0.25 மில்லிமீட்டர்தான். அதை நுழைத்துப் பாருங்கள், லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. நுழையவே இல்லை என்றால் ராடை இடஞ்சுழியாகக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் மறுபடி அளந்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று.

ட்யூன் செய்யும்போது எப்போதும் கீழிருந்து மேலே வாருங்கள். ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கும்போது எஃப் ஷார்ப் வரை போய்விட்டு ஏற்றினால்தான் ட்யூனிங் முறுக்காணியின் பல்லில் இருக்கும் தளர்வு போகும்.

ஏழாம்ஃப்ரெட்:

முறுக்காணி சொன்னதைச் செஞ்சாலும் அந்தக் கசப்பு போகாது ப்ரோ, அது மெக்கானிக்கல் இல்ல. ட்யூனர் காட்டுற மேஜர் தேர்ட் (கார்டோட அடிப்படை நோட்டுக்கு நாலு அரை ஸ்டெப் மேல வர்ற நோட்டு), காதுக்கு இனிக்கிற மேஜர் தேர்டைவிட 14 சென்ட் ஷார்ப் (ஒரு அரை ஸ்டெப்னா 100 சென்ட்). சாதாரண ட்யூனிங்ல ஒவ்வொரு கார்டுலயும் தேர்ட் வேற வேற ஸ்ட்ரிங்ல வரும், அதனால யாரும் கண்டுக்கறதில்ல. ஓப்பன் ஜி-ல ஒரே விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்தி பார்ரே போட்டா எந்த ஃப்ரெட்லயும் தேர்ட் ரெண்டாவது ஸ்ட்ரிங்லதான். அதனால அந்த பி-யை மட்டும் 5 சென்ட் இறக்குங்க, பார்ரே கார்டு அத்தனையும் தெளிஞ்சிடும்.

முழுசா 14 இறக்கிடாதீங்க. ஐந்தாவது ஃப்ரெட்ல ஆள்காட்டி விரலால பார்ரே, அது சி. அப்படியே நடுவிரலை ரெண்டாவது ஸ்ட்ரிங் ஆறாவது ஃப்ரெட்லயும், மோதிர விரலை நாலாவது ஸ்ட்ரிங் ஏழாவது ஃப்ரெட்லயும் வைங்க. எஃப் வந்துடும், அடியில சி பேஸ். கீத் பாணின்னு நாம சொல்றதுல பாதி இந்த ரெண்டு விரலை வச்சு எடுக்கறதுதான். ஆனா இப்ப ரெண்டாவது ஸ்ட்ரிங்ல இருக்கறது எஃப், அதாவது கார்டோட ரூட் (அடிப்படை நோட்டு). அது 14 சென்ட் தாழ்ந்திருந்தா உடனே காட்டிக்கொடுத்துடும். ஐந்து, ஆறு சென்ட்தான் ரெண்டுக்கும் பொதுவான இடம்.

1981-ல வந்த ஸ்டோன்ஸ் பாட்டு 'ஸ்டார்ட் மீ அப்' ரிஃப் இந்த அசைவுதான்: ஐந்தாவது ஃப்ரெட்ல ஒரு தடவை, மூணாவது ஃப்ரெட்ல ஒரு தடவை. முதல் ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அடிச்சா எஃப் மேல ஒரு ஒன்பதாவது நோட்டு மினுங்கும். வேண்டாம்னா ஆள்காட்டி விரலோட அடிப்பக்கத்தை லேசா தூக்கினா அது ம்யூட் ஆயிடும்.

மைனருக்குத்தான் இந்த ட்யூனிங் கஞ்சம். நடுவிரலை எடுத்துட்டு மோதிர விரலை மட்டும் வச்சா சி-ஏ-சி-ஈ-ஜி வரும். பேஸ் கிட்டார் அடியில ஏ வாசிச்சா அது ஏ மைனர் செவன்த், சி வாசிச்சா சி சிக்ஸ்த். தனியா வாசிச்சா எது எதுன்னு தெரியாது, பேண்டோட வாசிச்சாதான் அர்த்தம் புரியும்.

ஸ்ட்ரிங் தளர்வா இருக்கறதால பார்ரேயை இறுக்கிப் பிடிச்சா ஐந்தாவது ஷார்ப் ஆயிடும். சத்தம் சுத்தமா வர்ற அளவுக்கு மட்டும் அழுத்துங்க.

அரைச்சுருதி:

கிளா ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் கரகரப்பு முக்கால்வாசி போய்விட்டது, நன்றி. ஆறாவதைக் கழற்றாமல் டி-க்கு இறக்கி வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்?

முறுக்காணி:

பிரிட்ஜுக்கு நஷ்டமில்லை, இன்னும் நல்லதுதான். சத்தத்துக்குத்தான் நஷ்டம். ஆறு ஸ்ட்ரிங் ஓப்பன் ஜி-யில் ஆகக் கீழே கேட்பது டி, அதாவது ரூட் இல்லை, ஃபிஃப்த் (ரூட்டிலிருந்து எண்ணினால் ஐந்தாவது நோட்டு). டிஸ்டார்ஷன் போட்டால் அடியில் குழம்பும். அதைக் கழற்றினால் எந்த பார்ரேயிலும் கீழ் நோட்டு ரூட்டாகவே இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கலாம். ஸ்லைடு வாசிப்பதாக இருந்தால் மட்டும் ஆறாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

அலமாரி:

புத்தகக் கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை: ராக் சுயசரிதைகளில் வரும் ஆம்ப் எண், ஸ்ட்ரிங் அளவு, வருடம் இவற்றை அப்படியே நம்பாதீர்கள். பல பத்தாண்டுகள் கழித்து, இன்னொரு எழுத்தாளர் உட்கார்ந்து பேசி எடுத்தவை ('லைஃப்' ஜேம்ஸ் ஃபாக்ஸோடு எழுதப்பட்டது). ஒரு சத்தம் ஏன் பிறந்தது என்பதற்காகப் படித்தால் ஏமாற்றமிருக்காது.

அந்த வகையில் என் முதல் பரிந்துரை பிளாக் சாபத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியின் 'அயர்ன் மேன்' (2011). 1965-ல், 17 வயதில், தகட்டு இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. இடக்கையர் என்பதால் ஃப்ரெட்டை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். தொப்பிக்குள் உணர்வு இல்லை, அழுத்தினால் வலி. அதனால் பாஞ்சோ ஸ்ட்ரிங் போட்டு செட்டை மெல்லிசாக்கினார். 1971 ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் சில பாடல்களில் மூன்று அரை ஸ்டெப் இறக்கி சி ஷார்ப்புக்கு வந்தார். ஹெவி மெட்டலின் கனம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த நிர்ப்பந்தத்திலிருந்து வந்தது.

இதைப் படித்துவிட்டு 10-46 செட்டை அப்படியே சி ஷார்ப்புக்கு இறக்குபவர்கள்தான் அதிகம். மூன்று அரை ஸ்டெப்பில் இழுவிசை 29 சதவீதம் போய்விடும். விரல் நுனி உள்ளவர்களுக்கு மெல்லிய செட்டின் தேவையே கிடையாது. 12-54 போட்டால் 10-46 சாதாரண ட்யூனிங்கில் இருக்கும் அதே இறுக்கம் கிடைக்கும். மெல்லிசாகவே வேண்டுமென்றால் பிக்கை மென்மையாகப் பிடித்து அடிக்கப் பழக வேண்டும். ஓங்கி அடித்தால் தொடக்கத்தில் சுருதி ஷார்ப்பாகத் துள்ளிவிட்டுத்தான் இறங்கும்.

பாப் டிலனின் 'க்ரானிக்கிள்ஸ்' (2004) வேறு ரகம். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் லோனி ஜான்சன் காட்டித் தந்த ஒற்றைப்படை எண் முறை என்று பல பக்கங்கள் வருகின்றன. உரைநடையாக அருமை, அதை வைத்துக் கிட்டாரில் ஒரு பார் கூட வாசிக்க முடியாது.

'லைஃப்' கையிலேயே இருப்பதால், 1968 கேசட் ரெக்கார்டர் பகுதியை விட்டுவிடாதீர்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டில் பேஸ் தவிர எலக்ட்ரிக் கிட்டாரே இல்லை. அக்கூஸ்டிக்கைச் சின்ன கேசட் இயந்திரத்தில் அளவுக்கு மீறி ஏற்றிப் பதிந்து, அதைச் சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு மறுபடி மைக் வைத்தார்கள். இன்று முயன்றால் ஆடியோ இன்டர்ஃபேஸின் கெயினைச் சிவப்பில் ஏற்றாதீர்கள். டேப் நிரம்பும்போது உச்சங்கள் அமுங்கும், டிஜிட்டலில் அவை வெட்டுப்பட்டுப் போகும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் சுத்தமாகப் பதியுங்கள், பிறகு டேப் சாச்சுரேஷன் (டேப் நிரம்புவதைப் போலி செய்யும் எஃபெக்ட்), அதன் பின்னால் 8:1 கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது). அந்த ட்ராக்கை மூன்று அங்குல ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, ஒரு சாண் தள்ளி மைக் வைத்து மறுபடி பதியுங்கள். பேஸ் அத்தனையும் கழன்றுவிடும், அதைத் தனி ட்ராக்கில் பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும்.