எல் வடிவச் சட்டத்தில் தணிப்பை அளப்பது எப்படி?

அதிர்வியல் அறிந்த நண்பர்களுக்கு வணக்கம். மெல்லிய எஃகுப் பட்டைகள் இரண்டை எல் வடிவில் இணைத்து, முனையில் சிறு எடை பொருத்தி, ஷேக்கர் (வேண்டிய அதிர்வெண்ணில் ஆட்டும் கருவி) மேல் நிறுத்தியிருக்கிறேன். எடையை நகர்த்தி, முதல் அதிர்வு முறையை (சட்டம் தன்னியல்பாக ஆடும் வடிவங்களில் ஒன்று) 4 ஹெர்ட்ஸுக்கும் இரண்டாவதை 8 ஹெர்ட்ஸுக்கும் கொண்டுவந்தாயிற்று.

8 ஹெர்ட்ஸில் ஆட்டினால், ஓர் அளவு வரை இரண்டாம் முறை மட்டும் வளர்கிறது. அதற்கு மேல் விசையைக் கூட்டினால் அது அப்படியே நின்றுவிடுகிறது. கூடுதல் ஆற்றல் முதல் முறைக்குப் போய், சட்டம் பாதி அதிர்வெண்ணில் பெரிதாக ஆடத் தொடங்குகிறது. நேரில் பார்க்கையில் மெய்சிலிர்க்கிறது! கப்பலின் முன்பின் ஆட்ட அதிர்வெண், பக்க ஆட்டத்தினுடையதைப் போல் இருமடங்கானால் கப்பல் மோசமாக உருளும் என்று ஆங்கிலேயக் கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1863-லேயே கவனித்ததும் இதே உறவைத்தான்.

இந்த மாற்றம் எந்த விசையில் தொடங்கும் என்பது தணிப்பைப் (அதிர்வு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதை) பொறுத்தது. ஆகவே இரு முறைகளின் தணிப்பு விகிதமும் துல்லியமாகத் தேவை. சிக்கலே அங்குதான். தட்டிவிட்டுத் தேய்வதைப் பதிவு செய்தால், ஆற்றல் இரண்டுக்கும் இடையே போய்வருவதால் வரைகோடு சீராக இறங்குவதில்லை. மெல்லத் தட்டினால் இரைச்சல் மூழ்கடிக்கிறது. அரைத்திறன் அகலமும் (அதிர்வு முகட்டின் இருபுறமும் திறன் பாதியாகும் இடங்களுக்கு இடையிலான அதிர்வெண் அகலம்) கைகொடுக்கவில்லை: தணிப்பு 0.2 சதவீதம் என்றால் 4 ஹெர்ட்ஸில் அந்த அகலம் வெறும் 0.016 ஹெர்ட்ஸ், ஒரு நிமிடப் பதிவில் அதற்குள் ஒரு புள்ளி விழுந்தாலே அதிகம்.

எடையைச் சற்று நகர்த்தி 1:2 விகிதத்தைக் கலைத்துவிட்டு, அங்கே அளந்த தணிப்பை இங்கே பயன்படுத்தலாமா? திருகைத் தளர்த்தி இறுக்கினால் இணைப்பின் உராய்வு மாறிவிடுமோ என்று தயங்குகிறேன். சட்டத்தில் ஒட்டி ஆட்டத்தை அளக்கும் முடுக்கமானியின் கம்பியே தணிப்பைக் கூட்டிவிடுமா? தொடாமலே அளக்கும் லேசர் மானி எங்களிடம் இல்லை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள். பதிவுக் கோப்புகளை அனுப்பத் தயார்.