மதுரை எஃப்எம் பாதி வழியில போயிடுது, கோடை பண்பலை மட்டும் எப்படி கேக்குது?

பஸ்பயணி:
வாரா வாரம் மதுரை டூ திருச்சி போறேன், போன்ல ஹெட்செட் மாட்டி பாட்டு கேட்டா துவரங்குறிச்சி வர்றதுக்குள்ள தனியார் எஃப்எம் எல்லாம் கர்ருனு ஆயிடுது, ஆனா கோடை பண்பலை 100.5 மட்டும் திருச்சி வரைக்கும் வருதே ஏன்? பவர் ஜாஸ்தியா?

ரேடியோகிறுக்கன்:
பவரும் இருக்கு, 10 கிலோவாட். ஆனா முக்கியமான விஷயம் உயரம்தான் பாஸ். எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும், பூமி உருண்டைங்கறதால தொடுவானம் தாண்டுனா கீழ இருக்கற நமக்கு எட்டாது. கணக்கு சிம்பிள், உயரம் மீட்டர்ல, அதோட வர்க்கமூலம் பெருக்கல் 4.1. 100 மீட்டர் டவர்னா 41 கிமீ, கோடை பண்பலை டவர் இருக்கற கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர், அப்ப 185க்கு மேல வருது பாருங்க!

பழையவால்வு:
நாங்க ராத்திரி மீடியம் வேவ்ல இலங்கை கேட்டோமே தம்பி?

ரேடியோகிறுக்கன்:
அண்ணே மீடியம் வேவ் வானத்துல ரொம்ப உயரத்துல இருக்கற அயனமண்டலம்ங்கற மின்னூட்ட அடுக்குல பட்டு திரும்பி வரும், எஃப்எம் அதை துளைச்சுக்கிட்டு மேல போயிடும்.

பஸ்பயணி:
ஓ சரி சரி. ஹெட்செட் வயரை ஜன்னல் பக்கம் நீட்டுனா கொஞ்சம் தெளிவாகுதே?

ரேடியோகிறுக்கன்:
அந்த வயர்தான ஆன்டெனாவே, சுருட்டி வைக்காதீங்க.