பாரமீசியம் இரண்டானால் தாய் எது, சேய் எது?

கேள்வி: நேற்று நுண்ணோக்கியில் ஒரு பாரமீசியம் (ஒரே செல்லாலான நுண்ணுயிரி) இடுப்பு ஒடுங்கி, குறுக்கே இரண்டாகி, ஆளுக்கொரு பக்கம் நீந்திப் போனதைப் பார்த்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. இதில் தாய் எது?

பதில் 1: இரண்டுமே சேய்தான். தாய் சாகவும் இல்லை, மிச்சமும் இல்லை. ஆனாலும் ஒரு சின்ன பாரபட்சம் உண்டு: பழைய வாய்ப்பள்ளம் முன்பாதிக்கே போகும், பின்பாதிக்குப் புதிது உருவாகும்.

பதில் 2: தாயைக் கையோடு காட்ட வேண்டுமா? ஈஸ்ட்டைப் பாருங்கள். சேய் மொட்டு போல முளைத்துப் பிரியும் ஒவ்வொரு முறையும் தாய்ச் செல்லின் சுவரில் கைட்டின் என்ற கெட்டியான பொருளாலான வளையமாக ஒரு தழும்பு நிற்கும். எண்ணினால் எத்தனை பிள்ளை பெற்றது என்று தெரிந்துவிடும். பொதுவாக 20, 30 மொட்டுக்குப் பிறகு ஓய்ந்துவிடும், பாவம்.

கேள்வி கேட்டவர்: அடடா! யூக்ளீனா என்ற இன்னொரு ஒரு செல் உயிரியும் குறுக்கேதான் பிரியுமா?

பதில் 1: இல்லை, நீளவாக்கில். கசையிழை (நீந்த உதவும் சாட்டை போன்ற இழை) இருக்கும் முனையில் பிளவு தொடங்கும். அப்புறம், மலேரியா ஒட்டுண்ணி இதற்கெல்லாம் காத்திருக்காது. சிவப்பணுவுக்குள் உட்கருவை மட்டும் பலமுறை பிரித்துக்கொண்டு, கடைசியில் ஒரே மூச்சில் பத்துக்கும் மேற்பட்ட செல்களாகச் சிதறும்.