க்ளெரிக் இல்லாத பார்ட்டி: நாலு பேருக்குள்ள வேலையை எப்படிப் பிரிக்கிறது?

கொழிஞ்சாம்பாறை டிஎம்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற பகடைக் கதை விளையாட்டு, ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம், அதாவது கதையை நடத்தற ஆள். பார்ட்டில (குழுவுல) வில்லோட ஒரு ரேஞ்சர் (காட்டு வீரன்), தீஃப் ரோக் (திருடன்), விசார்ட் (மந்திரம் படிச்சவன்), வார்லாக் (ஒரு பெரிய சக்திகிட்ட மந்திரம் வாங்கினவன்). எல்லாரும் லெவல் 3. க்ளெரிக் (காயம் ஆத்தற பூசாரி) ஆட யாருக்கும் மனசில்ல, கட்டாயப்படுத்த எனக்கும் இஷ்டமில்ல. முன்னால நின்னு அடி வாங்கவும் ஆளில்ல. விசார்ட் ஆடுற பையன் வேலந்தாவளத்துல இருந்து வரணும், கடையில ஆள் இல்லேன்னா அந்த வாரம் வரமாட்டான். வார்லாக் மட்டும் பேட்ரனை (மந்திரம் கொடுக்கற அந்த சக்தியை) மாத்திக்கத் தயார். இதை வெச்சு ஒப்பேத்த முடியுங்களா?

பகடைராணி:
தாராளமா முடியுங்க. க்ளெரிக்கைத் தேடாதீங்க, க்ளெரிக் செய்யற வேலை யார் கையில இருக்குன்னு பாருங்க.

வார்லாக்குக்கு செலஸ்டியல் (தெய்வீக) பேட்ரன் கொடுங்க. லெவல் 3-ல ஹீலிங் லைட்டுங்கிற குணமாக்கற சக்திக்கு நாலு டி6 (ஆறு முகப் பகடை) கிடைக்கும். போனஸ் ஆக்ஷன் (டர்ன்ல கூடுதலா ஒரு சின்ன செயல்) போதும், 60 அடி தூரம், அதே டர்ன்ல எல்ட்ரிச் பிளாஸ்ட்ங்கிற தாக்கு மந்திரமும் அடிக்கலாம். ஆனா நின்னுட்டு இருக்கிற ஆளுக்கு அதைக் கொட்டாதீங்க. ஓக்ரோட (ஒரு அரக்கன்) ஒரு அடி சராசரி 13, ரெண்டு டைஸ் போட்டாலும் திரும்புறது சராசரி 7 தான். யாராவது உயிர்ப் புள்ளி பூஜ்யமாகி விழுந்ததும் ஒரே ஒரு டைஸ் போதும், எழுந்துடுவாங்க. தள்ளிப்போடக் கூடாது: விழுந்த ஆளை 5 அடிக்குள்ள இருந்து அடிச்சா அது கிரிட்டிகல் (பலத்த அடி), டெத் சேவ்ல (உயிர் பிழைக்கப் போடற பகடையில) ரெண்டு தோல்வி ஒரே அடியில சேர்ந்துடும்.

சண்டைக்கு அப்புறம் நிரப்ப ரேஞ்சரோட குட்பெர்ரி (காயம் ஆத்தற பழம் தர்ற மந்திரம்). லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வுக்கு) முன்னாடி மிச்சமிருக்கிற ஸ்லாட்டை (மந்திரம் போடற வாய்ப்பை) எல்லாம் பெர்ரியா மாத்திடச் சொல்லுங்க. ஒரு ஸ்லாட்டுக்கு 10 பெர்ரி, 24 மணி நேரம் தாங்கும்.

மீனாட்சிபுரம் வில்லாளி:
ராணியக்கா சொன்னது சரி. முன்வரிசைக்கு என் யோசனை: இந்த பார்ட்டிக்கு டாங்க் (முன்னால நின்னு அடி வாங்கற ஆள்) தேவையில்ல, தூரம்தான் தேவை. இந்தப் பதிப்புல எதிரியைத் தன் பக்கம் இழுக்கப் பொதுவான விதியே கிடையாது. கவசம் போட்ட ஆளைச் சுத்திக்கிட்டுப் போயி விசார்டை அடிக்கலாம், தடுக்க இருக்கிறது ஒரு ரியாக்ஷன் (பதில் அடி) மட்டும்.

வார்லாக் ரிப்பெல்லிங் பிளாஸ்ட் எடுக்கட்டும், எல்ட்ரிச் பிளாஸ்ட் பட்டவனை 10 அடி பின்னால தள்ளும், சேவ் (தப்பிக்கப் போடற பகடை) கிடையாது. விசார்ட் வெப் (வலை மந்திரம்) போட்டா 20 அடி கன சதுரம் முழுக்க நடையே கஷ்டம். வாசல்படியிலயே நிக்காதீங்க, பின்னால இருக்கிறவங்களுக்குக் குறி மறைஞ்சிடும். உள்ள தள்ளி, ரெண்டு பக்கமும் ஒதுங்கி நில்லுங்க. நுழையறவன் ஒருத்தனா நுழைவான், மூணு பேரோட அடியும் அவன்மேல விழும்.

இது உடையற இடம் ரெண்டு. எதிரிகிட்ட வில் இருந்தாலோ, பறந்து வந்தாலோ தள்ளிவிட்டுப் பிரயோஜனம் இல்ல. அந்த மாதிரி அறையில ரேஞ்சர் ஸ்கேல் மெயில் கவசம், கேடயத்தோட வாளுக்கு மாறணும். டெக்ஸ் (சுறுசுறுப்பு) +2 இருந்தா ஏசி (தற்காப்பு எண்) 18. ஸ்கேல் மெயிலுக்குப் பதுங்கறதுல டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு பகடை உருட்டி சின்னதை எடுக்கறது) உண்டு, மறந்துடாதீங்க.

கொழிஞ்சாம்பாறை டிஎம்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. விசார்ட் வராத வாரம்? ஆள் செத்தா?

பகடைராணி:
விசார்ட் இல்லேன்னா முதல் பாதிப்பு ரோக்குக்குத்தான். ரோக்கோட கூடுதல் அடியான ஸ்னீக் அட்டாக்குக்கு அட்வான்டேஜ் (ரெண்டு பகடை உருட்டி பெரிசை எடுக்கறது) வேணும், இல்ல எதிரிக்கு 5 அடிக்குள்ள நம்ம ஆள் ஒருத்தர் இருக்கணும். இருக்கிற வாரம் விசார்டோட ஆந்தை ஃபெமிலியர் (மந்திரத்தால வர்ற துணைப் பிராணி) ஹெல்ப் பண்ணி அட்வான்டேஜ் கொடுத்துடும், அடி வாங்காம பறந்தும் போயிடும். ஆந்தை செத்தாலும் திரும்ப வரவழைக்க 10 ஜிபி (தங்கக் காசு) பொருளும் ஒரு மணி நேர மந்திரமுந்தான். இல்லாத வாரம் ரோக் போனஸ் ஆக்ஷன்ல ஒளிஞ்சு அடிக்கணும், அதனால அறையில தூண், பீப்பாய், கவிழ்ந்த வண்டின்னு மறைவு வெச்சு வரைங்க.

லெவல் 4-ல ரோக் ஹீலர் ஃபீட் (கூடுதல் திறமை) எடுத்தா பெரிய பலம். தீஃபுக்கு ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ்ங்கிற திறமை இருக்கிறதால ஹீலர்ஸ் கிட்டை (மருந்துப் பையை) போனஸ் ஆக்ஷன்லயே பயன்படுத்தலாம். 1டி6 + 4 + அடிபட்டவரோட ஹிட் டைஸ் (லெவலுக்கு ஒண்ணு) எண்ணிக்கை, லெவல் 4-ல சராசரி 11.5. கிட் 5 ஜிபி, 10 தடவை வரும். ஒருத்தருக்கு ஒரு ரெஸ்டுக்கு ஒரு தடவைதான். ஒளியறதுக்கும் அதே போனஸ் ஆக்ஷன், ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்.

சாவுக்கு: செலஸ்டியல் வார்லாக் லெவல் 5-ல ரிவிவிஃபை (செத்தவரை எழுப்பற மந்திரம்) எடுக்கலாம். செத்து ஒரு நிமிஷத்துக்குள்ள போடணும், 300 ஜிபி வைரம் ஒவ்வொரு தடவையும் கரைஞ்சிடும். அதனால லெவல் 4 கதையிலயே ஒரு வைரத்தைப் புதையல்ல வெச்சிடுங்க. அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு ஹீலிங் போஷன், 50 ஜிபி, 2டி4+2. எல்லாத்தையும் ஒரே பையில போட விடாதீங்க, பை வெச்சிருக்கிறவர் விழுந்தா மத்தவங்க கையில ஒண்ணும் இருக்காது.

மீனாட்சிபுரம் வில்லாளி:
ஒண்ணு விட்டுப்போச்சு டிஎம். வார்லாக்குக்கு ஸ்லாட் ரெண்டே ரெண்டு, ஷார்ட் ரெஸ்டுல (சின்ன ஓய்வுல) திரும்பும். ஒரு நாளைக்கு ரெண்டு ஷார்ட் ரெஸ்டாவது கிடைக்கற மாதிரி சண்டைகளைப் பிரிச்சு வைங்க.