மூன்று நாளில் காய்ந்த பூ, போத்தலில் போட்டதும் மறுபடி ஈரம்: எங்கே பிழை விட்டேன்?

முதல்விளைச்சல்:

வணக்கம். கனடாவில் ஸ்காபுறோவில் இருக்கிறேன். இந்த வருடம்தான் முதல்முறையாக வீட்டில் கஞ்சா வளர்த்தேன். உரிமம் உள்ள கடையில் வாங்கிய விதை, பின்வளவில் வேலி ஓரமாக நான்கு செடி, ஒரு வீட்டுக்குச் சட்டம் விடுகிற அளவும் அதுதான். வேலையில் பாரம் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, இரவில் நித்திரை இல்லை, குடும்ப வைத்தியருக்குச் சொல்லிவிட்டுத்தான் பாவிக்கிறேன். ஐந்து மாதம் பிள்ளை மாதிரிப் பார்த்த செடிகள், அதனால்தான் இவ்வளவு பதறி எழுதுகிறேன்.

போன கிழமை ஒரு செடியை வெட்டி, கிளை கிளையாகப் பிரித்து, நிலக்கீழ் அறையில் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கெதியாகக் காயட்டும் என்று காற்றாடியையும் நேரே அதை நோக்கி வைத்தேன். மூன்றாம் நாள் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சரி, முடிந்தது என்று நறுக்கிக் கண்ணாடிப் போத்தல்களில் போட்டு மூடினேன். மறுநாள் காலை திறந்தால் பூ பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது, வெட்டிய புல் மணம் அடிக்கிறது, காற்றின் ஈரத்தை அளக்க உள்ளே வைத்த சின்ன ஈரமானி 74 வீதம் காட்டுகிறது. மூடிய போத்தலுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதைக் காப்பாற்றலாமா? இன்னும் மூன்று செடி நிற்கிறது, சனி ஞாயிறு மழை என்கிறார்கள். ஊரில் மிளகாய் காயவைத்த மாதிரி மழை விட்டதும் வெயிலில் பரப்பலாமா என்று மனைவி கேட்கிறார்.

பிரம்ப்டன் வளவு:

தம்பி, முதலில் அந்தப் போத்தல்களைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே கொட்டுங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு வாசிக்கலாம். மட்டை அட்டையிலோ பழுப்புத் தாள் பையிலோ ஒரே அடுக்காகப் பரப்பி, இருட்டான இடத்தில் அரை நாள் விடுங்கள், மேலே மறுபடி லேசாகக் காய்ந்ததும் போத்தலில் போட்டு ஈரமானியைப் பாருங்கள். 70க்கு மேலே காட்டினால் திரும்பவும் வெளியே, 65க்கும் 70க்கும் நடுவில் என்றால் மூடியை மட்டும் இரண்டு மூன்று மணித்தியாலம் திறந்து வைத்தால் போதும், 58 முதல் 62க்குள் வந்து நின்றால் அதுதான் நமக்கு வேண்டிய இடம். ஒரே நாள்தான் மூடி இருந்திருக்கிறது, அதனால் பெரும்பாலும் தப்பிவிடும்.

தண்ணீர் எங்கிருந்தும் வரவில்லை, அது பூவுக்குள்ளேயே இருந்தது. பச்சைப் பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். சட்டத்திலேயே 5 கிராம் பச்சையை 1 கிராம் காய்ந்ததற்குச் சமமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள், அதில் இருந்தே எவ்வளவு ஈரம் போக வேண்டும் என்று விளங்கும். நீங்கள் வெப்பமும் காற்றும் நேரடியாகக் கொடுத்ததில் மேல்தோல் மட்டும் காய்ந்து இறுகிவிட்டது, நடுத்தண்டில் இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்றது, போத்தலை மூடியதும் அது மெல்ல மெல்ல மேலே பரவி எல்லாம் ஒரே பதத்துக்கு வந்துவிட்டது. மேலே தொட்டுப் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. பூவைத் தாங்குகிற சின்னக் காம்பை வளையுங்கள். வளைந்து நார் மாதிரி இழுபட்டால் இன்னும் இல்லை, 'டக்' என்று முறிந்தால் போத்தலுக்குத் தயார்.

மிச்ச மூன்று செடிக்கும் ஃபேர்னஸ் அறை வேண்டவே வேண்டாம். வேறு சின்ன அறை, ஜன்னல் இருந்தால் கறுப்புத் துணியால் மறைத்து விடுங்கள், 16 முதல் 20 பாகை செல்சியஸ், காற்றில் ஈரம் 55 முதல் 60 வீதம். காற்றாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஆகக் குறைந்த வேகத்தில் வையுங்கள், அறைக் காற்று அசைய வேண்டும், பூ ஆடக் கூடாது. இப்படி விட்டால் 10 முதல் 14 நாள் எடுக்கும், எடுக்கட்டும். அந்தப் புல் மணம் பச்சை இலையின் மணம், அது போவதற்கு நேரமும் கொஞ்சம் ஈரமும் வேண்டும். மூன்று நாளில் காயவைத்த பூவில் புல் மணம் அப்படியே பூட்டப்பட்டுவிடும், புகைத்தால் தொண்டையில் கரகரக்கும்.

வெயிலில் பரப்புகிற கதையை விட்டுவிடச் சொல்லுங்கள் அக்காவிடம். மிளகாய்க்கும் மோர் மிளகாய்க்கும் வெயில் சரி. இதில் நமக்கு வேண்டியது பூவின் மேலே இருக்கிற பிசின் துளிகள்தான், வெளிச்சமும் சூடும் பட்டால் அதில் இருக்கிற டி.எச்.சி. என்ற போதைப்பொருள் சிதைந்து வேறொன்றாகிவிடும், நல்ல மணம் தருகிற எண்ணெய்களும் காற்றோடு போய்விடும். ஓவன், மைக்ரோவேவ், பழம் உலர்த்துகிற மெஷின் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

உலர்த்தும் அறை:

உரிமம் பெற்ற பண்ணை ஒன்றில் மூன்று வருடம் இதே வேலை பார்த்தேன், அண்ணா சொன்னது எல்லாம் சரி. நான் மழையைப் பற்றியும் பூஞ்சணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒக்டோபரில் இந்தப் பக்கத்து வெளித்தோட்டங்களை அழிப்பது சாம்பல் பூஞ்சணம்தான், திராட்சையையும் ஸ்ட்ரோபெரியையும் அழுகவைக்கிற அதே பொட்ரைட்டிஸ். அது பூவின் உள்ளே, தண்டை ஒட்டித்தான் தொடங்கும். வெளியே பார்த்தால் பூ வடிவாக இருக்கும், ஒரே ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படி ஒரு இலையைக் கண்டால் அந்தப் பூவைப் பிளந்து பாருங்கள், உள்ளே சாம்பல் அல்லது மண்ணிறத் தூள் இருந்தால் அந்தக் கிளையை அப்படியே பையில் கட்டி எறியுங்கள். கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்திருக்க மனம் வரும், தயவுசெய்து செய்யாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வித்துகள் அடுத்த பூவில் ஏற்கெனவே இருக்கும்.

பூதக்கண்ணாடியால் பிசின் துளிகளைப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் இன்னும் முற்றவில்லை, பெரும்பாலும் பால் நிறமாகி அங்கங்கே தேன் நிறம் தெரிந்தால் சனிக்கிழமை வரை நிற்காமல் வெள்ளிக்கிழமையே வெட்டிவிடுங்கள். நனைந்த செடியை வெட்ட நேர்ந்தால் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை உதறி, தடித்த நடுப்பூக்களைத் துண்டுகளாகப் பிரித்துத் தொங்கவிடுங்கள், முழுதாக விட்டால் நடுவில் காற்றே போகாது.

போத்தலைத் திறக்கும்போது மூக்கை நம்புங்கள். புல் மணம் என்றால் பொறுமை போதும். அமோனியா மாதிரி நெடி வந்தால் உள்ளே காற்றில்லாமல் பக்டீரியா வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே வெளியே எடுத்துப் பரப்புங்கள், நெடி போகாவிட்டால் எறிய வேண்டியதுதான். பூஞ்சணம் பிடித்ததைப் புகைப்பது விளையாட்டில்லை, அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்தின் வித்து நுரையீரலுக்குள் போனால் கீமோ எடுப்பவர்களுக்கும் உறுப்பு மாற்றியவர்களுக்கும் உயிராபத்தாகலாம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் வீட்டில் காயவைத்ததை அவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம், பரிசோதனை செய்து விற்பதை வாங்கிக் கொடுங்கள். பண்ணையில் நாங்கள் கையால் தொட்டு விடுவதில்லை, நீர்ச்செயற்பாடு என்று ஒன்றை, அதாவது பூஞ்சணம் வளரப் பயன்படக்கூடிய ஈரம் பூவில் எவ்வளவு என்பதை அளந்து, 0.55க்கும் 0.65க்கும் இடையில் வந்தால்தான் அடைப்போம். உங்கள் போத்தல் ஈரமானி காட்டும் 55 முதல் 65 கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆகவே அந்த இருபது டொலர்ச் சாமானை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

ஆனால் அது சரியாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் களிமாதிரி வருகிற அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு ஸிப் பையில் காற்றுப் போகாமல் மூடி எட்டு மணித்தியாலம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் எப்போதும் 4 கூட்டித்தான் சொல்கிறது என்று கழித்துக்கொள்ளுங்கள்.

மொன்றியல்வாசி:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், இதை வாசித்துவிட்டு இங்கே கியூபெக்கில் யாரும் செடி வைத்துவிட வேண்டாம். 2018இல் நாடு முழுக்க அனுமதி வந்தாலும் இந்த மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடுத்தது, 2023இல் கனடா உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. அப்புறம், காய்ந்ததை ஊருக்கோ அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கோ பயணப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று யாரும் நினைக்காதீர்கள், எந்த நாட்டு எல்லையையும் அதோடு தாண்டுவது குற்றம்.

புகையிலைக்காரன் மகன்:

வாசித்துக்கொண்டு வரும்போது அப்புவின் ஞாபகம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம். வெட்டிய இலையை முதலில் வாடவிட்டு, பிறகு போறணைக்குள் தூக்கித் தொங்கவிட்டுப் புகை போடுவார். தேங்காய்ப் பொச்சுமட்டை நெருப்பாக எரியக் கூடாது, புகைந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்காக இரவில் எழும்பி எழும்பிப் போய்ப் பார்ப்பார். பயிர் வேறு, புகையும் இதற்கு ஆகாது, ஆனால் இலை தன் பாட்டில் பதத்துக்கு வருகிற வரை நாம் தள்ளக் கூடாது என்பதை அவரிடம்தான் பார்த்தேன். தோட்டத்தில் அந்த ஐந்து மாத உழைப்பை வீணாக்குவது கடைசி இரண்டு கிழமைதான்.

சின்ன இலைகளை எப்போது நறுக்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். பெரிய இலைகளை வெட்டிய அன்றே எடுத்துவிடுங்கள், பூவை ஒட்டிய சின்ன இலைகளை விட்டுவிடுங்கள், அவை சுருங்கிப் பூவைப் போர்த்தி ஈரம் அவசரமாகப் போகாமல் காக்கும். ஹீட்டர் தொடங்கிய வீட்டில் காற்று 30, 35க்கு இறங்கிவிடும், அங்கே இந்தப் போர்வை கட்டாயம். ஈரம் கூடிய நிலக்கீழ் அறை என்றால் மாறாக, எல்லா இலையையும் பச்சையிலேயே நறுக்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

போத்தலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதல் இரண்டு கிழமை நாளுக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள், பிறகு கிழமைக்கு ஒருதரம். ஒரு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள், புல் மணம் போய் வேறு மணம் வந்திருக்கும். பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு என்றால் பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும், இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

முதல்விளைச்சல்:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி இரவே டோர்ச் லைட் பிடித்துக்கொண்டு மூன்றையும் வெட்டினோம். ஒன்றில் நடுப்பூவைப் பிளந்தபோது 'உலர்த்தும் அறை' சொன்ன அதே சாம்பல் தூள், இரண்டு பெரிய கிளையை எறிந்தேன், மனது கேட்கவில்லை, ஆனாலும் எறிந்தேன். மிச்சத்தை மாடியில் உடுப்பு வைக்கிற சின்ன அறையில் தொங்கவிட்டிருக்கிறேன், 18 பாகை, 57 வீதம். மணம் வீடு முழுக்க வருகிறது, அயலவர் வாசலில் நின்று முறைக்கும் முன் கரி வடிகட்டியோடு ஒரு சின்ன விசிறி வாங்கி வந்தேன். உப்புச் சோதனையில் என் ஈரமானி 78 காட்டியது, ஆக அன்று 74 என்றது உண்மையில் 71. பழைய போத்தல் பூ இப்போது 63இல் நிற்கிறது, அமோனியா நெடி இல்லை, புல் மணம் கொஞ்சம் இருக்கிறது. இன்று ஆறாம் நாள், காம்பை வளைத்துப் பார்த்தேன், இன்னும் நார் மாதிரித்தான் இழுபடுகிறது. விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.