மறு: ‘யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’க்குத் தமிழ்: விட்டபின் தொடல்

நிரல் ஒன்று ஒதுக்கிப் பெற்ற நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு (‘ஃப்ரீ’, அதாவது விடல்), பழைய முகவரிவழி அதையே மீண்டும் தொடும் பிழைதான் ‘யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில்.

> ‘விடுவிப்புக்குப் பிந்தைய பயன்பாடு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நீளத்தைக்கூடப் பொறுக்கலாம். ‘பயன்பாடு’தான் இடிக்கிறது. அப்ளிகேஷனுக்கும் அதையே எழுதுகிறோம். தவிர, இங்கே யாரும் எதையும் பயன்படுத்தியிருக்கத் தேவையில்லை. ஒரு பைட்டைப் படித்தாலே பிழைதான். (‘இலவச நினைவகத்துக்குப் பின்’ என்ற எந்திர மொழிபெயர்ப்பைவிட இது எவ்வளவோ மேல்.)

கேசான் அறிக்கையை வைத்துப் பார்ப்போம். லினக்ஸ் 4.0 முதல் கெர்னலோடு (இயங்குதளத்தின் கருப்பகுதியோடு) வரும், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவி; ஒவ்வொரு 8 பைட்டுக்கும், அவற்றைத் தொடலாமா என்று குறித்துவைக்கும் 1 நிழல் பைட் வைத்துக் கண்காணிக்கிறது. பிழை பிடிபட்டால் மூன்று அழைப்புத் தடங்களை (எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்களை) அச்சிடும்: தொட்ட இடம், ஒதுக்கிய இடம், விட்ட இடம். படித்ததா எழுதியதா என்பதைத் தனியாகச் சொல்லிவிடும். நமக்கு வேண்டிய வினைகள் அங்கேயே இருக்கின்றன. ஆகவே என் பரிந்துரை: விட்டபின் தொடல். ‘விட்ட குறை தொட்ட குறை’ என்பது நாவில் ஏற்கெனவே இருப்பதால் மறக்கவும் மறக்காது.

> ‘தொங்கு சுட்டி’ போதாதா?

போதாது. தொங்கு சுட்டி, அதாவது விட்டுவிட்ட இடத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கும் சுட்டி, ஒரு நிலை. தொடாதவரை அதனால் கேடில்லை. தொடல் நிகழ்வு. டிரைவர்களில் அடிக்கடி வருவதைப் பாருங்கள்: தாமதப் பணி (பிறகு ஓடுவதற்கென்று கெர்னலிடம் ஒப்படைத்த வேலை) ஒன்று வரிசையில் நிற்கும்போதே சாதனம் கழற்றப்படுகிறது, டிரைவரின் நீக்கச் செயற்கூறு அந்தச் சாதனத்துக்கான தரவுக் கட்டமைப்பின் நினைவகத்தை விட்டுவிடுகிறது. சற்றுப் பொறுத்துப் பணி எழுந்து பழைய முகவரியைத் தொடுகிறது. ஸ்லப் நஞ்சூட்டல் (கெர்னலின் நினைவக ஒதுக்கி, விட்ட இடத்தை அடையாள எண்ணால் நிரப்பும் சோதனை வசதி) இயங்கினால் விட்ட பைட்டுகளில் பதினாறடிமான எண் 6பி நிரம்பியிருக்கும். ஊப்ஸ் பதிவில் (கெர்னல் பிழையில் இடறும்போது எழுதும் அறிக்கையில்) ஒரு ரெஜிஸ்டர் முழுக்க 6பி6பி6பி6பி என்று நின்றால் சந்தேகமே வேண்டாம். நஞ்சூட்டல் இல்லாவிட்டால் இந்தத் தடயம் கிடைக்காது; அதே இடம் கெர்னலின் வேறொரு பகுதிக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். அப்போது சம்பந்தமில்லாத துணையமைப்பு ஒன்று சரியும், பழி அதன்மேல் விழும்.

விட்டவுடன் சுட்டியை வெறுமையாக்குவது மருந்தாகாது. பணியின் கையில் இருப்பது அந்தச் சுட்டியின் வேறொரு நகல். முதலில் புதிய பணி வரிசையில் சேரும் வழியை அடைக்க வேண்டும். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பணி முடியும்வரை காத்திருக்கும் ‘சிங்க்’ வகை ரத்தை அழைக்க வேண்டும். அதற்குப் பிறகே விட வேண்டும். வெறும் ரத்து வரிசையில் நிற்பதை எடுக்குமே தவிர, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருக்காது. உரிமையாளர் பலர் என்றால் ரெஃப்கவுன்ட் (இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு) எண்ணி, கடைசி ஆள் விட வேண்டும்.

> ‘டபுள் ஃப்ரீ’?

ஒரே நினைவகத்தை இரண்டாம் முறையும் விடுவது அது. இருமுறை விடல் என்கலாம். ‘நினைவகக் கசிவு’ புழக்கத்தில் இருப்பது, அப்படியே இருக்கட்டும். அது ஒதுக்கியதை யாருமே விடாத கதை, இதற்கு நேரெதிர்.

மறுப்பு இல்லையென்றால் இப்படிப் பதியலாம்:

விட்டபின் தொடல் (பெயர்): ஒதுக்கி விட்டுவிட்ட நினைவகத்தைப் பழைய சுட்டிவழி படித்தல் அல்லது அதில் எழுதுதல்.