சைன் (ஆல்பா + பீட்டா): விடை 56/65 ஆ, 16/65 ஆ?

வினா: ஆல்பா இரண்டாம் கால்பகுதியிலும் பீட்டா முதல் கால்பகுதியிலும் அமைய, சைன் ஆல்பா = 3/5, சைன் பீட்டா = 5/13 எனில், சைன் (ஆல்பா + பீட்டா) காண வேண்டும். எனக்கு 56/65 வருகிறது. விடைப்பகுதியில் 16/65 என்றுள்ளது. எது சரி, ஐயா?

மறுமொழி 1: விடைப்பகுதியே சரி. சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் கூடி 1 ஆகும் என்ற முற்றொருமையிலிருந்து வர்க்கமூலம் எடுக்கும்போது கொசைன் ஆல்பாவுக்கு ±4/5 என இரு மதிப்புகள் வந்தாலும், இரண்டாம் கால்பகுதியில் கொசைன் குறையெண் ஆதலால் −4/5 ஐயே கொள்ள வேண்டும். முதல் கால்பகுதியிலுள்ள பீட்டாவுக்குக் கொசைன் 12/13. ஆகவே சைன் (ஆல்பா + பீட்டா) = சைன் ஆல்பா × கொசைன் பீட்டா + கொசைன் ஆல்பா × சைன் பீட்டா = (3/5)(12/13) + (−4/5)(5/13) = 36/65 − 20/65 = 16/65.

மறுமொழி 2: ஆல்பா ஏறத்தாழ 143°, பீட்டா 23°, கூட்டினால் 166°. 180° ஐ இவ்வளவு நெருங்கிய கோணத்தின் சைன் 56/65, அதாவது ஏறத்தாழ 0.86 ஆக இருக்க வழியில்லை.

வினவியவர்: மிக்க நன்றி. அப்படியானால் 56/65 என்பது சைன் (ஆல்பா − பீட்டா) தானே?

மறுமொழி 1: ஆம், அக்கோணம் ஏறத்தாழ 120°.